மூன்றாவது கொப்பி

போன மாசி மாசம் நான் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழைதான் இந்தக் கட்டுரை.

மன்னார்த்தீவில எங்கட ஊருக்கு ஒரு நாட்டுக்கூத்து இருக்கு. ஒரு புனிதரின்ர கதை. அது கடைசியா முழுசா மேடையேறினது 1990க்கு முதல். அந்த வருசம் சண்டை திரும்பத் தொடங்கினதும் ஊர் ரெண்டாப் பிரிஞ்சுது. ஒரு பகுதிச் சனம் தலைமன்னார்ப் பக்கத்தால வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில இருந்தது. மற்றப் பகுதி மடுக் கோயிலுக்குப் போனது. அண்ணாவியாரின்ர மூலக் கொப்பி அந்த இடப்பெயர்வில தொலைஞ்சு போச்சுது. ஆனா அதைப் பார்த்து முந்தியே எழுதி வச்ச ரெண்டு கொப்பி தப்பியிருந்தது. ஒண்டு மண்டபத்துக்குப் போய் வந்தது, மற்றது மடுவுக்குப் போய் வந்தது. ரெண்டிலயும் போன இடத்தில கை வச்சிருக்கினம். புதுசா எழுதியிருக்கினம், வெட்டியிருக்கினம், சொல் மாத்தியிருக்கினம்.

எங்கட குழுவில ரெண்டு பேர் ஆளுக்கொரு கொப்பியா ரைப் பண்ணித் தந்தவை. ரெண்டையும் ஒண்டாக்கிற வேலை எனக்கு. நான் ஒரு இரவில முடிச்சேன். என்ர விதி மிக இலேசு: ரெண்டிலயும் இருக்கிறது மூலம், ஒண்டில மட்டும் இருக்கிறது பிறகு சேர்த்தது, ஆகவே தூக்கு. நல்ல விஞ்ஞானமா யோசிக்கிறன் எண்டு எனக்குள்ள ஒரு பெருமை வேற.

வாசிச்சுப் பார்க்க அண்ணாவியாரின்ர மகள் வீட்டுக்குப் போனம். நாங்கள் பெரியம்மா எண்டு கூப்பிடுறவ. பாதி வழியில நிப்பாட்டினா. "பிள்ளை, தாய் பாடுற தரு எங்கை?"

மடுக் கொப்பியில அது இல்லை எண்டு சொன்னேன். "மடுவில அந்தப் பாத்திரம் ஆட ஆள் இல்லை. அதால விட்டுட்டம். அப்பா எழுதினதடி அது."

என்ர விதிப்படி 17 தரு இப்பிடிப் போயிருந்தது.

கொழும்பில மென்பொருள் நிறுவனமொன்றில வேலை செய்யிற மச்சானுக்கு இதைச் சொல்லி அழாக்குறையா நிக்க, அவன் சிரிச்சான். "நீ ரெண்டு கோப்பை வச்சு மேர்ஜ் பண்ணியிருக்கிறாய். மேர்ஜுக்கு மூண்டு வேணும். எங்கட ஆக்கள் இதோட அம்பது வருசமா மல்லுக்கட்டுகினம், வாசிச்சுப் பார்." வாசிச்சேன். கலைப்பீட மாணவிக்கு இதில என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். முடிவுவரை வாங்கோ.

வித்தியாசம் தெரியும், ஆள் தெரியாது

இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' என்ற சிறு நிரலை பெல் ஆய்வுகூடத்தின் டக்ளஸ் மக்இல்ரோய் எழுதினார். 1974இல் யுனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு அது வெளியானது. அதன் பின்னாலுள்ள கணக்கை ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் 1976இல் எழுதி வைத்தார்கள். இரண்டு கோப்புகளிலும் ஒரே ஒழுங்கில் வருகிற, இயன்றவரை நீளமான வரித்தொடரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அடங்காத வரிகள் எல்லாம் வேறுபாடு.

நான் அன்று இரவு செய்தது கிட்டத்தட்ட இதுதான். இதில் ஒரு குறை இருக்கிறது. ஒரு தரு மண்டபக் கொப்பியில் உண்டு, மடுக் கொப்பியில் இல்லை என்று டிஃப் சரியாகச் சொல்லும். ஆனால் மண்டபத்தில் சேர்த்தார்களா, மடுவில் நீக்கினார்களா என்று சொல்லாது. அதைச் சொல்வதற்கு இரண்டு கொப்பிக்குள்ளும் தகவல் இல்லை. அது மூன்றாவது ஒன்றில் இருக்கிறது: இரண்டும் பிரிவதற்கு முன்னிருந்த பொது மூலத்தில்.

மூலம் கையில் இருந்தால் விதி இலகு. மூலத்தோடு ஒப்பிட ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடு. இரண்டும் ஒரே மாதிரி மாறியிருந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டும் வேறு வேறு மாதிரி மாறியிருந்தால் நீ முடிவெடுக்காதே, மனிதரிடம் கேள். இந்த மும்முனை ஒப்பீட்டைச் செய்யும் 'டிஃப்3' 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்தது. சின்ன நிரல்தான். ஆனாலும் அது என்ன உறுதி தருகிறது, என்ன தரவில்லை என்று கணித முறையில் ஆராய்ந்து கன்னா, குணால், பியர்ஸ் மூவரும் கட்டுரை எழுதியது 2007இல். இது எப்போதும் நடக்கும் என்று பாவனையாளர்கள் நம்பியிருந்த சில விடயங்கள் எப்போதும் நடப்பதில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

பூட்டும் திறப்பும்

தொடக்கத்தில் மேர்ஜ் என்ற தேவையே எழாமல் பார்த்துக்கொண்டார்கள். 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக்கி வெளியிட்ட ஆர்சிஎஸ் இரண்டும் நூலகப் புத்தகம் மாதிரி வேலை செய்தன. கோப்பை ஒருவர் எடுத்தால் பூட்டு விழும். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் திருத்த முடியாது.

இந்தப் பூட்டை உடைத்த கதை கம்பஸ் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அம்ஸ்டர்டாமில் டிக் கிரூன் என்ற விரிவுரையாளர் 1984–85இல் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு சி மொழிக் கம்பைலர் செய்துகொண்டிருந்தார். ஒரு மாணவர் ஒன்பது மணி தொடக்கம் ஐந்து மணிவரை ஒழுங்காக வேலை செய்பவர். மற்றவருக்கு நேரகாலம் கிடையாது. கிரூனுக்குப் பின்னேரம்தான் நேரம். பூட்டு வைத்தால் இந்த மூவரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஆளுக்கொரு பிரதியில் தன் பாட்டில் திருத்தி, பிறகு ஒன்றுசேர்க்கிற மாதிரிச் சில ஸ்கிரிப்டுகளை எழுதினார். 1986இல் பகிரங்கமாக வெளிவந்த அதுதான் சிவிஎஸ். எங்கட குரூப் அசைன்மென்டுகளை நினைச்சுப் பாருங்கோ, மனுசன்ர நிலைமை உடனே விளங்கும்.

பூட்டு போனதும் மேர்ஜ் மையத்துக்கு வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதலாம் என்ற சுதந்திரத்தின் விலை அது.

ஓலைச்சுவடிக்காரருக்கு இது தெரியும்

இந்த இடத்தில் எனக்கு எங்கட பாடத்திட்டம் ஞாபகம் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செய்ததும் இதே வேலைதானே? தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஊரூராகத் தேடிய ஏடுகள். ஒவ்வொன்றையும் படியெடுத்தவர் எங்கோ ஒரு வரியை விட்டிருப்பார், எங்கோ தனக்கு விளங்கிய மாதிரித் திருத்தியிருப்பார், எங்கோ செல் அரித்திருக்கும்.

அவர்களிடம் மூலம் இல்லை. கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் மூலத்தை நோக்கிப் போக வேண்டும். ஐரோப்பாவில் இதை ஒரு முறையாக வளர்த்தவர்களில் ஜேர்மனியின் கார்ல் லாக்மன் முக்கியமானவர். அவரது லுக்ரீஷியஸ் பதிப்பு 1850இல் வந்தது. அவர் பெயரால் அழைக்கப்படும் முறையின் கரு இது: இரண்டு பிரதிகள் ஒரே பிழையைப் பகிர்ந்தால் அவை ஒரே தாய்ப் பிரதியில் இருந்து வந்திருக்கலாம். இப்படிப் பிழைகளைப் பிடித்துப் பிரதிகளின் வம்சவரிசையை வரைந்து, தொலைந்துபோன மூதாதைப் பிரதியைக் கணித்தெடுக்கலாம்.

உ.வே.சா.வின் பதிப்புகளைத் திறந்தால் பக்கத்தின் அடியில் பிரதிபேதங்கள் இருக்கும். தான் ஒரு பாடத்தைத் தேர்ந்தாலும் தேராததை அவர் எறியவில்லை. கீழே வைத்தார். பின்னால் வருகிறவர் "ஐயா, நீங்கள் எடுத்தது பிழை" என்று சொல்ல வேண்டுமானால் அதற்கான சாமான் அதே பக்கத்தில் இருக்கிறது.

எங்கட பக்கத்துக் கூத்துகளுக்கும் இந்த வேலை நடந்திருக்கு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களை அச்சில் கொண்டுவந்தார். அச்சேறினது தப்பிச்சுது. எங்கட ஊர்க் கூத்து மாதிரிக் கொப்பியில நிண்டது சண்டையோட அலைஞ்சுது.

இல்லாத மூலத்தை உருவாக்குவது

2005 சித்திரையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் ஆட்கள் பாவித்த பிட்கீப்பரின் இலவச அனுமதி பறிபோனதுதான் உடனடிக் காரணம். கிட்டில் ஆளாளுக்கு முழு வரலாறும் கையில் இருக்கும். கிளைகள் பிரியும், சேரும், திரும்பப் பிரியும். இங்கே ஒரு புதுச் சிக்கல் வந்தது. இரண்டு கிளைகள் ஒன்றிலிருந்து ஒன்று குறுக்கும் மறுக்குமாக எடுத்திருந்தால் பொது மூலம் ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கும். எதை எடுப்பது?

அதே ஆண்டில் ஃபிரெட்ரிக் குய்வினென் பைதனில் ஒரு விடை எழுதினார். மூலங்கள் பல என்றால் முதலில் அந்த மூலங்களையே ஒன்றோடொன்று மேர்ஜ் செய்து, வரலாற்றில் எங்கும் இல்லாத ஒரு கற்பனை மூலத்தை உருவாக்கு. பிறகு அதை வைத்துப் பிள்ளைகளைச் சேர். இதற்கு 'ரிகர்சிவ்' என்று பெயர். லாக்மன் பார்த்திருந்தால் தன் வேலை இது என்று அடையாளம் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். 2006இல் ஜொஹான்னஸ் ஷிண்டெலினும் அலெக்ஸ் ரீசனும் அதைச் சி மொழிக்கு மாற்றினார்கள். கனகாலம் அதுதான் கிட்டின் வழமையான மேர்ஜ்.

பழைய வீட்டைச் சுருக்குவது

யோசனை அழகு. நிரல் போகப் போகச் சிக்கலானது. ஒருவர் கோப்பின் பெயரை மாற்றுவார், மற்றவர் பழைய பெயரிலேயே உள்ளே திருத்துவார். ஒரு பக்கத்தில் கோப்பாக இருப்பது மறுபக்கத்தில் கோப்புறையாகியிருக்கும். இப்படி ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு ஒட்டு. எங்கட ஊர் வீடுகள் மாதிரி: முதல்ல ஒரு அறை, பிறகு ஒரு பத்தி, கலியாணத்துக்கு ஒரு விறாந்தை, சண்டைக்குப் பிறகு தகரம். எந்தச் சுவர் எதைத் தாங்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆகவே ஒருத்தரும் இடிக்க மாட்டினம்.

அந்த நிரலுக்குள் ஒரு அடிப்படைப் பிசகும் இருந்தது. முடிவை முழுதாகக் கணிக்க முன்னமே பாவனையாளரின் கோப்புகளில் கைவைக்கத் தொடங்கிவிடும். பாதி வழியில் "அய்யோ, இது பெயர் மாறிய கோப்பு" என்று கண்டால், எழுதியதைத் திருத்த வேண்டும். யோசிக்கிறதும் எழுதுவதும் ஒன்றாகப் பின்னிக்கிடந்தன.

இதை எலைஜா நியூரன் எப்படித் தீர்த்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் வந்தவுடனே இடிக்கவில்லை. 2010 அளவிலிருந்து அந்தப் பழைய நிரலுக்கே ஒட்டுப் போட்டு வந்தவர். விசித்திரமான சந்தர்ப்பம் ஒவ்வொன்றுக்கும் பரிசோதனைகளை எழுதிச் சேர்த்தார். பழையது தோற்கிற பரிசோதனைகளையும் "இது இப்போது தோற்கும்" என்று குறித்து உள்ளே வைத்தார். அதன் பிறகுதான் பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். பெயர் 'ஓர்ட்'. பார்வைக்கு ரிகர்சிவின் இரட்டைப்பிள்ளை என்ற அர்த்தத்தில் விளையாட்டாக வைத்த பெயர்ச்சுருக்கம்.

ஓர்ட்டின் ஒழுங்கு சொன்னால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். முதலில் மூலத்திலும் இரண்டு பக்கத்திலும் என்னென்ன இருக்கின்றன என்று சேகரி. அடுத்துப் பெயர் மாறியவற்றைப் பொருத்து. அடுத்து ஒவ்வொரு கோப்பாக முடிவெடு. இவ்வளவும் நினைவகத்துக்குள். எல்லாம் முடிந்த பிறகுதான் பாவனையாளரின் கோப்புகளில் எழுது. தேவையில்லாத தேடலையும் விட்டது. ஒரு பக்கம் ஒரு கோப்பின் பெயரை மாற்றியிருக்கிறது, மற்றப் பக்கம் அதைத் தொடவே இல்லை என்றால், அது எங்கே போனது என்று துப்புத் துலக்கத் தேவை இல்லை. ஏராளமான பெயர்மாற்றங்கள் உள்ள ஒரு மேர்ஜில் 500 மடங்குக்கு மேல் வேகம் கூடியதாக அளந்தார்கள்.

அதற்குப் பிறகும் பழையதை உடனே எறியவில்லை. ஒரே பரிசோதனைத் தொகுதியைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்க்க வழி வைத்தார்கள். 2021 ஆவணியில் கிட் 2.33இல், விரும்பினவர்கள் புதியதைப் பாவிக்கலாம் என்றார்கள். கார்த்திகையில் 2.34இல் அது வழமையானது. பழைய நிரலை முற்றாக அழித்தது 2025 ஆனியில் வந்த 2.50இல்தான். இப்போது நீங்கள் 'ரிகர்சிவ்' என்று கேட்டாலும் ஓர்ட்தான் வேலை செய்யும். பெயரை விட்டுவைத்திருக்கிறார்கள்.

பழையது ஏன் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்த பிறகுதான் அவர்கள் சுருக்கினார்கள். நான் அன்று இரவு சுருக்கினது வேற மாதிரி. தாய் பாடுற தரு ஏன் ஒரு கொப்பியில இல்லை எண்டு ஒருத்தரிட்டயும் கேட்காமல், ஒரு விதியை வச்சு வெட்டினேன்.

ஒளிச்சு வச்ச நடுப்பகுதி

மேர்ஜில் முரண் வந்தால் கிட் முடிவெடுக்காது. கோப்புக்குள்ளேயே குறி போட்டுவிடும்: <<<<<<< என்று தொடங்கி எங்கட பக்கம், ======= என்று பிரித்து அவையின்ர பக்கம், >>>>>>> என்று முடிவு. எங்கட பழைய புத்தகங்களின் அடிக்குறிப்பு மாதிரி. முரணை மூடி மறைக்காமல் வாசிப்பவர் கண்ணுக்கு நேரே வைக்கிற நேர்மை அதில் உண்டு.

ஆனால் கவனிச்சீங்களோ? மூலம் என்ன சொன்னது எண்டு அதில இல்லை. வழமையான அமைப்பில் இரண்டு பக்கம் மட்டும்தான் தெரியும். வேறொரு அமைப்பைக் கேட்டு வாங்கினால்தான் நடுவில் ||||||| என்று ஒரு பகுதி திறந்து, பிரிவதற்கு முன் அங்கே இருந்ததைக் காட்டும். மச்சான் சொன்னான், அதைத் திறந்து வைத்தால் பாதி முரண் பார்த்தவுடனேயே விளங்கும் என்று. யார் எங்கிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 'எங்களுடையது' என்றொரு மேர்ஜ் முறை. அதைப் பாவித்தால் எங்கட பக்கத்தில் உள்ளது அப்படியே நிற்கும், மற்றப் பக்கத்து மாற்றம் ஒரு எழுத்தும் உள்ளே வராது. ஆனால் வரலாற்றில் "இரண்டு கிளையும் இணைந்தன" என்று பதிவாகும். கைவிட்ட பழைய கிளைகளை மூட அது பயன்படும், பிழையில்லை. ஆனால் இதை வாசிச்சபோது எனக்கு எங்கட பக்கத்து ஊர் வரலாறுகள் ஞாபகம் வந்தன. 1990 ஐப்பசியில் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் புத்தளத்தில் வைத்திருக்கிற நினைவு ஒன்று. மண்டபத்தில் இருந்தவர்களின் நினைவு ஒன்று. மடுவில் இருந்தவர்களின் நினைவு இன்னொன்று. ஒரு பக்கத்தை மட்டும் அச்சடிச்சிட்டு "எல்லாரையும் சேர்த்த வரலாறு" எண்டு அட்டையில போடுறது எங்களுக்குப் புதுசில்லை. நானும் ஒரு கூத்துக்கு அதைத்தானே செய்யப் பார்த்தேன்.

இப்ப கொப்பி எங்க நிக்குது

திரும்பத் தொடங்கினம். முதல் வேலை, மூன்றாவது கொப்பி. மூலம் இல்லை, ஆனா மூலத்தைக் கேட்டு வளர்ந்த காதுகள் ஊரில இருக்கு. பெரியம்மாவும் இன்னும் நாலு மூத்த ஆக்களும் கொப்பியைப் பார்க்காமல் ஞாபகத்தில இருந்து பாட, ஃபோனில பதிஞ்சம். அதை மூலம் எண்டு சொல்லேலாது. அவையின்ர ஞாபகத்திலயும் 35 வருசம் கை வச்சிருக்கும். ஆனா அது நடுவில வைக்க ஒரு கற்பனை மூலம். ரெண்டு கொப்பியையும் அதோட ஒப்பிடுறம்.

வெட்டின 17 தருவில 11 திரும்ப உள்ள வந்திட்டுது. நாலு மண்டபத்தில எழுதினது எண்டு எழுதினவையே ஒத்துக்கொண்டினம். அதையும் எறியேல்லை, பின்னிணைப்பில "மண்டபம் முகாம்" எண்டு போட்டு வச்சிருக்கிறம். கடலைத் தாண்டின பாட்டு ஒண்டு அதில இருக்கு. அது மூலத்தில இருந்திருக்கேலாது, ஆனா அதை விட்டிட்டு இந்தக் கூத்தின்ர வரலாற்றைச் சொல்லவும் ஏலாது.

மிச்சம் ரெண்டு தருவுக்கு இன்னும் சண்டை. மடுவுக்குப் போன குடும்பம் அது தங்கட அப்பு எழுதினது எண்டுது. பெரியம்மா தன்ர அப்பா எழுதினது எண்டுறா. ரெண்டு பேரிட்டயும் சாட்சி இல்லை. கோப்பில அந்த ரெண்டு இடத்திலயும் குறி அப்பிடியே நிக்குது.

வாற ஞாயிறு ரெண்டு வீட்டாரையும் ஒண்டா இருத்தி வாசிக்கப் போறம். தீராட்டி, குறியோடதான் அச்சுக்குப் போகும்.